ஸ்ரீ தகடும் டட்சன் எஞ்சினும்

அட்டாளைச்சேனையில் இருந்து கல்முனைக்கு ஏ-4 வீதியால் இருபது கிலோமீற்றர் அளவில் வரும். பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஓர் ஊர் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். ஒலுவிலுக்கும் நிந்தவூருக்கும் நடுவே களியோடைப் பாலத்தடியில் மட்டும் வயல்வெளி கொஞ்சம் கண்ணுக்கு இடம் தருகிறது. காலை ஏழரைக்கு இந்த வீதியில் என்ன ஓடும் என்று வெளியூர்க்காரர் கேட்டால் முதலில் மோட்டார் சைக்கிள் என்பேன். இரண்டாவதாகவும் அதையே சொல்வேன். வாப்பா முன்னால், உம்மா பின்னால், நடுவில் இரண்டு பிள்ளைகள், அவர்களின் புத்தகப் பைகள். இவற்றுக்கு ஊடாக ஓட்டோ, மீன் கூலர், நெல் மூடை ஏற்றிய உழவு மெசின், பட்டா லொறி, அக்கரைப்பற்று டிப்போவின் சிவப்பு பஸ். பாண் விற்கும் ஓட்டோவும் வரும். பேதோவன் தன் மாணவியருள் யாருக்கோ எழுதியதாகச் சொல்லப்படும் பியானோ மெட்டொன்று இலங்கையின் சந்து பொந்தெல்லாம் பணிஸ் வந்துவிட்டது என்று அறிவிக்கப் பயன்படுவதை ஐரோப்பியர் எவரும் இன்னும் சரியாக ஆராயவில்லை.

இந்த நெரிசலுக்குள் ஒரு காரைக் கண்டுவிட்டு, வேகத்தைக் குறைத்து, அது வளைவில் மறையும்வரை பார்த்து நிற்கிற ஆட்கள் சிலர் இருக்கிறோம். எங்களுக்குச் சங்கமோ கூட்டமோ கிடையாது. தேத்தண்ணிக் கடையில் ஒருவன், "மச்சான், காலம்பற நிந்தவூர்ல ஒரு பேஜோ 404 நிண்டிச்சி கண்டியா?" என்று கேட்பான். கண்டேன் என்றால் நிறம் என்ன, தகடு என்ன, விளக்குக் கண்ணாடி பழையதா என்று விசாரணை தொடரும். காணாவிட்டால் அன்று முழுவதும் ஏதோ கைநழுவிப்போன மாதிரி இருக்கும். இதில் பைத்தியக்காரத்தனம் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

விலை கூடிய கார்தான் அரிய கார் என்று நினைப்பவர்கள் கொழும்புக்குப் போகலாம். அங்கே காலி வீதியில் பத்து நிமிடம் நின்றால் போதும். எங்கள் வீதியில் கண் நிற்பது வேறு வகையான கார்களில். கூரையில் கோழித்தீன் மூடை கட்டிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு மீன்பெட்டி வைத்த டட்சன் வாகன். இயங்குகிறதா என்று சந்தேகிக்கும்படி நின்று, பள்ளி கலைந்ததும் ஒரு முதியவரை ஏற்றிக்கொண்டு ஒழுங்காகப் புறப்படுகிற மொரிஸ் மைனர். இங்கே பழைய காரை யாரும் ஆசைக்கு வைத்திருந்ததில்லை. மாற்ற வழியில்லாமல் வைத்திருந்தார்கள். அந்த வழியின்மை எப்படி எப்படியெல்லாம் வந்தது என்பதைத்தான் நான் இந்த வீதியில் வாசித்துக்கொண்டு போகிறேன்.

வாசிப்பதற்கு முதல் எழுத்து இலக்கத் தகட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலும் அவன் போன புதிதிலும் பதிந்த வாகனங்களுக்கு சி.எல்., ஈ.என்., ஈ.வை. என்று ஆங்கில இரட்டை எழுத்து. பிறகு சிங்கள ஸ்ரீ. எண்பதுகளின் பின்பகுதிக்குப் பிறகு எழுத்தே இல்லாமல் வெறும் இலக்கம். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு ஆங்கில எழுத்து, 2023 வரை மாகாணக் குறியோடு. இந்த வரிசை தெரிந்த ஒருவன் எதிரே வரும் வாகனத்தின் வயதை, அதன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவான். தகட்டை மாற்ற முடியாது. பெயின்ற் மாற்றலாம், எஞ்சின் மாற்றலாம், கதவுகூட மாற்றலாம்.

ஸ்ரீ எழுத்தைப் பற்றி இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1957 ஜனவரியில் வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ கட்டாயமாக்கப்பட்டது. முந்திய வருடம்தான் தனிச் சிங்களச் சட்டம் வந்திருந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. தகடுகளில் தார் பூசப்பட்டது, தமிழ் எழுத்தில் ஸ்ரீ எழுதப்பட்டது. 1958 ஜனவரியில் பஸ் கம்பனிகள் எல்லாம் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை ஆனது. அந்தச் சபையின் ஸ்ரீ தகடு போட்ட பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது தார் வாளி மறுபடி வெளியே வந்தது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் தார் விழுந்தது. பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுத் தலைவர் செல்வநாயகமும் செய்திருந்த பண்டா–செல்வா ஒப்பந்தம் ஏப்ரலில் கிழிந்தது. மே மாதம் இனக்கலவரத்தில் நாடு எரிந்தது. எங்கள் பக்கத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 1956 தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் பெயரில் வென்றவர்கள் இரண்டு முஸ்லிம்கள்: கல்முனையில் காரியப்பர், பொத்துவிலில் முஸ்தபா. இருவரும் பின்னர் அரசாங்கப் பக்கம் போனார்கள், அது தனிக்கதை. இன்று கொழும்பில் பழைய கார் சேர்ப்பவர்களிடையே ஸ்ரீ தகடு ஒரு கௌரவம். தார் பூசப்பட்ட எழுத்துக்கு இப்போது மெழுகு பூசித் துடைக்கிறார்கள்.

அந்தத் தகடு போட்ட கார்கள் இத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் கொழும்பில் இருந்த அமைச்சுகள். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியதும் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. 1970இல் இருந்து 1977 வரை இன்னும் இறுக்கம். அந்தப் பதினைந்து பதினாறு வருடங்களில் இந்தத் தீவில் ஒரு குடும்பத்துக்குக் கார் இருந்தால் அது பெரும்பாலும் ஐம்பதுகளில் வந்த பிரித்தானியக் காராகவே இருக்கும். ஒஸ்ரின், மொரிஸ், ஹில்மன், ஃபோர்ட் பிரிஃபெக்ற். இடையில் தொழிலதிபர் உபாலி விஜேவர்தன இங்கேயே பொருத்தி விற்ற உபாலி ஃபியட், உபாலி மஸ்டா என்று சில. உபாலி 1983 பெப்ரவரியில் தன் ஜெட் விமானத்தோடு காணாமல் போனார். அவர் பெயர் போட்ட காரொன்றை நான் கடைசியாகக் கண்டது சம்மாந்துறைப் பக்கம், ஒரு முருங்கை மரத்தின் கீழே. அதன் மேல் கோழிக்கூடு.

எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்தவர்கள் போடிமார், வயல் நிறைய வைத்திருந்த பெரிய கமக்காரர்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வந்து, இங்கினியாகலையில் மொரிசன்–நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த பிறகு நெல்லில் காசு புரண்டது. போடியாருக்குக் கார் கௌரவம் மட்டுமல்ல, வேலைக்காரனும்தான். வட்டைக்குப் போகும் வழியில் வட்டவிதானையை ஏற்ற வேண்டும். முல்லைக்காரனுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். சூடடிக்கிற காலத்தில் களவெட்டியில் ஒரு மாதம் காருக்குள்ளேயே படுத்தெழும்பிய போடிமாரைப் பற்றிக் கதைகள் இருக்கின்றன. பிள்ளை பெறப்போகிற ஊர்ப் பெண்களைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் பெரும்பாலும் அந்தக் கார்கள்தான். அட்டாளைச்சேனையில் அறுபதைத் தாண்டிய பலருடைய முதல் பயணம் ஏதோவொரு போடியாரின் கார் ஆசனத்தில் உம்மாவின் மடியில் நடந்திருக்கும்.

அதே கல்லோயாவுக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1956 ஜூனில் அங்கே தமிழர்களை அடிக்கப் போன கும்பல்கள் திட்டத்துக்குச் சொந்தமான வாகனங்களையே கைப்பற்றிக்கொண்டு போயின. வாகனத்தைப் பற்றிப் பேசும்போது அழகை மட்டும் பேசிவிட்டுப் போக எங்கள் பகுதியில் முடியாது. இதற்குத் திரும்ப வருகிறேன்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன இறக்குமதிக் கதவைத் திறந்ததும் ஜப்பான் உள்ளே வந்தது. டட்சன் சன்னி, லான்சர் பொக்ஸ், கொரோலா டி.எக்ஸ். வாகன், ஹயஸ் வான். வான் வந்ததோடு எங்கள் ஊர்களின் பொருளாதாரமே மாறியது என்பது என் எண்ணம். சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்களை வழியனுப்பவும் கூட்டிவரவும் கட்டுநாயக்கவுக்கு வான் ஹயர். திரும்பி வந்தவர் கையில் இருந்த காசுக்கு அடுத்த வான். டொல்பின் என்று நாங்கள் அழைக்கிற அந்த ஹயஸ் வானைப் பற்றி ஒரு நல்ல சிறுகதையாவது இருக்க வேண்டும். நான் வாசிக்கக் கிடைக்கவில்லை.

என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். தினமும் அதில் போவதில்லை. மழையில்லாத நாட்களில், நேரம் கையில் இருந்தால் போவேன். இந்தக் காரை வரைந்த அலெக் இசிகோனிஸ் துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். பின்னாளில் மினியை ஆக்கியவரும் அவரே. மைனர் 1948இல் வெளிவந்தது. உற்பத்தி தொடங்கும் முன் மாதிரிக் காரைப் பார்த்து இது ஒடுக்கமாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலக்கியதும் மனம் ஒப்பியது. ஆகவே மைனரின் பொனற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு தட்டையான பட்டி ஓடும். அதுதான் அந்த நான்கு அங்குலம். முதல் வந்த கார்களுக்கு பம்பர் ஏற்கெனவே செய்து முடிந்திருந்தபடியால் அதையும் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபு இதைப் பார்த்து, உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். அந்த முட்டை சுமார் 16 இலட்சம் விற்றது.

சாவியைத் திருப்பினால் முதலில் சத்தம் போடுவது எஞ்சின் அல்ல, பெற்றோல் பம்ப். எஸ்.யூ. என்கிற மின்சாரப் பம்ப். 'டிக், டிக், டிக்' என்று அடித்து, காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். ஓயாமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் டாங்க் காலி. சோக்கை இழுத்து, ஸ்ராட்டர் பிடியை இழுத்தால் எஞ்சின் எழும்பும். விளக்கை உயர்த்தித் தாழ்த்தும் சுவிட்ச் காலடியில். வேகமானியில் மைல். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. கார் முழுதாக நின்ற பிறகே அதைப் போடலாம், அவசரப்பட்டால் பற்கள் கத்தும். காரைதீவுச் சந்தியில் சம்மாந்துறை வீதியும் வந்து சேர்கிற இடத்தில், முன்னால் பஸ், பின்னால் ஓட்டோ, பக்கத்தில் தொலைபேசியைத் தலைக்கவசத்துக்குள் செருகிய இளந்தாரி. அங்கே ஒவ்வொரு முறையும் முழுதாக நின்று புறப்படுகிறவன் பொறுமையைக் கற்றுக்கொள்கிறான். பின்னால் நிற்பவர்கள் கற்றுக்கொள்வதில்லை.

திரும்புவதற்குச் சைகை விளக்கு இல்லை. கதவுத் தூணில் இருந்து ஒரு சின்னக் கை, செம்மஞ்சள் நிறத்தில், வெளியே நீளும். 1961 வரைக்கும் மைனருக்கு இதுதான். சாய்ந்தமருதுச் சந்தைக்கு முன்னால் அந்தக் கை நீண்டபோது யாரும் திரும்பப்போகிறேன் என்று விளங்கிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் கூடி நின்று இன்னொருமுறை காட்டச் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தக் கையோடு சேர்த்து என் கையையும் ஜன்னலால் நீட்டுகிறேன்.

ஓட்டுவதற்கு அருமையான கார். இதை அந்தக் காலத்து நினைவுக்காகச் சொல்லவில்லை. ஸ்ரேரிங் கூர்மையானது, களியோடைப் பாலத்துக்கு ஏறும் வளைவில் அது எடுக்கும் கோட்டைப் பத்து வருடத்துக்கு முன் வந்த பல கார்கள் எடுக்காது. பிரேக் அவ்வளவு நல்லதல்ல. நான்கு சக்கரத்திலும் டிரம். வீதியோரத்தில் நெல் காயப்போட்டிருக்கும் அறுவடைக் காலத்தில், மாடொன்று நெல்லை நோக்கி மெதுவாக நடக்கும்போது அதை நான் அரைக் கிலோமீற்றருக்கு முன்பே கவனித்தாக வேண்டும். பழைய கார் ஓட்டுகிறவன் வீதியை மற்றவர்களைவிடத் தூரத்தில் பார்க்கிறான். வேகம் மணிக்கு அறுபது கிலோமீற்றருக்குள். அந்த வேகத்தில் ஆட்களின் முகம் தெரியும், சலாம் சொல்லவும் முடியும்.

எதிரி கடற்காற்று. மைனருக்குத் தனிச் சேசி இல்லை. தரைத் தகடும் அதன் அடியில் ஓடும் பெட்டிச் சட்டமும்தான் எல்லாவற்றையும் தாங்குகின்றன. உப்பு அதற்குள் புகுந்து உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ற் பளபளத்துக்கொண்டிருக்கும். என் காரைப் பார்க்கிற பாஸ், அக்கரைப்பற்றில் மரநிழலில் கராஜ் வைத்திருப்பவர், முதல் நாளே சொன்னார்: "சேர், இதுட உயிரு அடியிலதான் கிடக்கு. மேல பெயின்ற் அடிச்சி என்ன செய்யிற?" வருடத்துக்கு ஒருமுறை அடியில் கழிவு ஒயில் அடிக்கிறார். நாற்றம் ஒரு கிழமைக்கு வீட்டுக்குள்ளும் வரும். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நாட்டில் நின்றபோது இந்த எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேய்ந்துபோகும் என்று பலரும் பயந்தார்கள். கடினமான உருக்கு வளையம் கடைந்து போட்டுச் சமாளித்தவர்களும் இந்த மாதிரி மரநிழல் பாஸ்மார்தான்.

உதிரிச் சாமானுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தை. அங்கே இல்லாதது உலகில் இல்லை என்பார்கள். ஆனால் அங்கே போய்த் தேடுகிறவனுக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும், பழைய சாமானைக் கையில் கொண்டுபோக வேண்டும், கடைக்காரர் சொல்லும் முதல் விலைக்குச் சிரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மைனரின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. இங்கிலாந்தில் பாத் நகரில் மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், அங்கே கிடைக்காத உடற்தகடுகளைச் செய்விக்கத் தொண்ணூறுகளில் தென்னிலங்கையில் ஒரு பங்காளியோடு சேர்ந்து பட்டறை தொடங்கினார். கையால் அடித்து வளைத்த தகடுகள் கப்பலேறி அந்தக் கார் பிறந்த நாட்டுக்கே போயின. காரை விற்றவர்கள் அதைச் செய்யும் கையை மறந்திருந்தார்கள். வாங்கியவர்கள் மறக்க வழியில்லாமல் இருந்தோம்.

ஆனால் எங்கள் வீதியில் ஓடுகிற மைனர்களில் அசல் எஞ்சினோடு ஓடுவது குறைவு. பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது டட்சன் எஞ்சின், கூடவே ஐந்து கியர்ப் பெட்டி. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்குள் ஜப்பான் டீசல் எஞ்சின் உறுமும். கொழும்புச் சேகரிப்பாளர்கள் இதைக் கண்டால் தலையில் கைவைப்பார்கள். அசல் கெட்டுவிட்டது, மதிப்புப் போய்விட்டது என்பார்கள். எனக்கு அந்தக் கட்சியில் சேர விருப்பமில்லை. என் கார் அசல் எஞ்சினோடு இருப்பது என் அதிர்ஷ்டம், என் கொள்கை அல்ல. பெற்றோல் விலை ஏறியபோது டீசல் போட்டவனும், சாமான் கிடைக்காதபோது டட்சன் போட்டவனும் அந்தக் காரை இன்னும் முப்பது வருடம் வீதியில் வைத்திருந்தார்கள். எஞ்சினை இருத்தப் புதிதாகக் கட்டை வெட்டி, ஷாஃப்ட்டைக் குறுக்கி, ரேடியேற்றரை முன்னுக்குத் தள்ளி, வரைபடம் ஒன்றும் இல்லாமல் இதைச் செய்து முடித்த பாஸ்மாரின் வேலைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தரவில்லை. ஒலுவிலில் ஒன்று இருக்கிறது; யோசிக்கலாம்.

மேலே விட்ட விஷயத்துக்கு, வாகனத்தின் மறுமுகத்துக்கு, வருகிறேன். எங்கள் தலைமுறை வாகனம் பார்க்கக் கற்றது ஆசையால் அல்ல. எண்பதுகளின் நடுப்பகுதியில் விசேட அதிரடிப் படை இந்தப் பகுதிக்கு வந்தது. 1987இல் இந்திய அமைதிப் படை அதன் சக்திமான் லொறிகளோடு வந்தது. பிறகு 1990இல் போர் மறுபடி மூண்டது. இரவில் வீதியில் எஞ்சின் சத்தம் கேட்டால் வீட்டில் விளக்கணையும். உழவு மெசினா, லொறியா, பவள் கவச வாகனமா என்று சத்தத்தை வைத்து ஒரு பத்து வயதுப் பிள்ளை சொல்லும். பெரியவர்கள் அந்தப் பிள்ளையின் சொல்லைக் கேட்டுப் படுப்பார்கள் அல்லது எழும்புவார்கள். பின்னர், ஆட்களைக் கடத்திப்போன வெள்ளை வான் என்ற இரண்டு சொல் நாட்டின் பெரும் பயமாக ஆனது. தகடில்லாத வாகனத்தைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு முதுகு நிமிரும். கார் பிரியர்கள் என்று எங்களைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. தூரத்து எஞ்சின் ஒன்றைக் கேட்டதும் இது மைனரின் ஏ-சீரிஸ், இது இசூசு என்று நான் மகிழ்ச்சியோடு சொல்லும்போது, அந்தக் காது எங்கே பழகியது என்று எனக்கு மட்டும் தெரியும்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு வேறொரு ஊர்வலம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். சாய்ந்தமருதும் மருதமுனையும் கல்முனையும் கரையை இழந்தன. அடுத்த மாதங்களில் இந்த வீதி கண்ட லாண்ட் குரூசர்களை அதற்கு முன்னும் பின்னும் அது கண்டதில்லை. எல்லாம் வெள்ளை, கதவில் உலகத்துச் சின்னங்கள், பொனற் நுனியில் நீண்ட அன்டெனா. கார் பார்ப்பதில் ருசி உள்ளவர்கள்கூட அப்போது எதையும் பார்க்கவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் அவை வந்த வழியே போயின.

பேர்மிட் கார்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரச அதிகாரிக்கும் வைத்தியருக்கும் விரிவுரையாளருக்கும் வரிச் சலுகையில் கிடைத்தவை. நல்ல கார்கள், ஒரே மாதிரிக் கார்கள். பஜிரோ அரசியல்வாதியின் அடையாளமாக இருந்த காலத்தையும் எல்லோரும் அறிவார்கள். வாகன் ஆர் சுவாரசியமானது, அதுவும் 660 சீசீ எஞ்சினுக்கு வரி குறைவு என்பதால் ஒரு பெட்டி வடிவக் குட்டிக் கார் தீவு முழுவதும் பரவிய விதத்துக்காக. மற்ற நாடுகளில் மனிதர்கள் கார் தெரிவு செய்கிறார்கள். எங்களுக்கு வர்த்தமானி தெரிவு செய்து தருகிறது.

2020 மார்ச்சில் வர்த்தமானி மறுபடி கதவை அடைத்தது. ஐந்து வருடத்துக்குக் கிட்ட, 2025 பெப்ரவரி வரைக்கும், தனியார் கார் ஏறக்குறைய எதுவும் உள்ளே வரவில்லை. அறுபதுகள் திரும்பி வந்ததுபோல் ஆயிற்று. இருபது வருடப் பழைய கார் அதன் புது விலையைத் தாண்டியது. மரத்தடியில் கிடந்ததெல்லாம் கராஜுக்கு வந்தது. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் தகட்டின் கடைசி இலக்கம் எந்த நாளில் எண்ணெய் என்று தீர்மானித்தது, பிறகு கியூ.ஆர். வந்தது, தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அதற்குப் பதிய சேசி இலக்கம் கேட்டார்கள். என் காரில் அந்த இலக்கம் ஏழெட்டுப் பெயின்றுக்கு அடியில் இருந்தது. பாஸும் நானும் சுரண்டிக்கொண்டு போனபோது சாம்பல், பச்சை, கறுப்பு, இன்னொரு பச்சை என்று அடுக்கடுக்காக நிறங்கள் கிளம்பின. யார் யாருடைய விருப்பமோ.

இப்போது சீனத்து மின்சாரக் கார்கள் வரத் தொடங்கிவிட்டன. சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்கின்றன. நல்லதுதான்; பிள்ளைகள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வாகனம் சொல்லப் பழக வேண்டியதில்லை. மறுபுறம், பழையவை போய்க்கொண்டிருக்கின்றன. கொழும்பில் இருந்தும் கண்டியில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள், மரத்தடிக் கார்களுக்குக் கைமேல் காசு தருகிறார்கள், லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். விற்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் படிப்புக்கும் கூரைக்கும் அந்தக் காசு தேவை. வாங்குகிறவர்களும் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் கையில் அந்தக் கார் துரு நீங்கிப் பிரகாசிக்கும். ஆனால் மூடை ஏற்றாத, கல்யாணத்துக்கு ஓடாத, ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகாத காரை நான் கார் என்று கணக்கெடுப்பதில்லை.

கார் போகும்போது அதன் புத்தகமும் சேர்ந்து போகிறது. எனக்குக் கவலை அதில்தான். பழைய வாகனப் புத்தகத்தில் உரிமையாளர்களின் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக, தேதியோடு இருக்கும். என்னுடையதில் முதல் பெயர் மலையகத்தில் ஒரு தோட்டத் துரை, அடுத்தது கண்டியில் ஒரு வைத்தியர், பிறகு மட்டக்களப்பில் ஒரு பறங்கியர், அதன் கீழே கல்முனையில் ஒரு வியாபாரி, பிறகு ஒரு போடியார், பிறகு நான். ஒரு துரையின் கையில் இருந்து ஒரு போடியாரின் கைக்கு ஒரு பொருள் வந்து சேர்ந்த பாதை முத்திரையோடு பதிவாகியிருக்கிற ஆவணம் எங்கள் ஊர்களில் வேறென்ன இருக்கிறது? ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் மரைக்காயர்மாரையும் எழுதுகிறார்கள். இந்தப் புத்தகங்களைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

அந்தப் புத்தகத்திலும் ஒரு பெயர் இருக்காது: ஓட்டியவரின் பெயர். போடிமார் பலர் ஸ்ரேரிங்கைத் தொட்டதே இல்லை. கர்ப்பிணியை நடுச்சாமத்தில் கல்முனைக்குக் கொண்டு சேர்த்தவரும், 1990இல் எந்த வீதியால் போகலாம் எதனால் போகக்கூடாது என்று அறிந்திருந்தவரும் டிரைவர்தான். ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவிலோ பழைய கார் ஒன்று விலைப்படப் போகிறது என்றால், கைமாறும் முன் அதன் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்து வையுங்கள். அதை ஓட்டிய டிரைவர் யார், எந்த ஊர், எந்த வருடத்தில் இருந்து எந்த வருடம் வரைக்கும் என்று கேட்டு, கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் போய்க் கேட்டால் சொல்வார்கள்.